ரோமின் சொத்துக்கு எத்தனை வாரிசுகள்?

சுமார் 1500 ஆண்டுகளுக்கு முன், இலங்கையில் ஓர் அரசவை. சோபட்ரோஸ் என்ற வணிகரும் பாரசீகத் தூதர் ஒருவரும் மன்னர் முன்னால் நிற்கிறார்கள். மன்னர் சும்மா பேச்சுக்கொடுக்கிறார்: "உங்கள் இருவர் ராஜாக்களில் யார் பெரியவர்?" பாரசீகர் முந்திக்கொள்கிறார். எங்கள் ராஜாதான் ராஜாதிராஜன், பலத்திலும் பணத்திலும் அவரை அடிக்க ஆளில்லை என்று அளக்கிறார். சோபட்ரோஸ் வாயே திறக்கவில்லை. "ரோமரே, நீர் ஒன்றும் சொல்லவில்லையே?" என்று மன்னர் கேட்டபோதுதான் அவர் பேசினார். இரண்டு ராஜாக்களும் இங்கேயே இருக்கிறார்களே, நீங்களே பார்த்துக்கொள்ளலாம் என்றார். மன்னருக்குப் புரியவில்லை. சோபட்ரோஸ் காட்டச் சொன்னது இரண்டு ராஜாக்களின் நாணயங்களை. பாரசீகருடையது வெள்ளிக்காசு. ரோமருடையது பளபளக்கும் பொற்காசு. மன்னர் இரண்டையும் புரட்டிப் பார்த்துவிட்டு, சோபட்ரோஸை யானைமேல் ஏற்றி மேளம் கொட்டி ஊரைச் சுற்றிவரச் செய்தாராம்.

இதை எழுதிவைத்தவர் காஸ்மாஸ், 6ஆம் நூற்றாண்டு அலெக்சாண்டிரிய வணிகர். சொன்னவரும் ரோம நாட்டுக்காரர் என்பதால் கதையில் கொஞ்சம் ஜிகினா ஒட்டியிருக்கலாம். அது போகட்டும். காஸ்மாஸ் இதை எழுதியது கி.பி. 550 வாக்கில். பள்ளிக்கூடத்தில் நாம் மனப்பாடம் செய்தது என்ன? ரோமப் பேரரசு வீழ்ந்த ஆண்டு 476. வீழ்ந்து முக்கால் நூற்றாண்டு ஆன பிறகும் ஒருவர் எங்கள் ரோம ராஜா, எங்கள் ரோமப் பொற்காசு என்று சாவகாசமாக எழுதுகிறார் என்றால் எங்கோ இடிக்கிறது அல்லவா? அதை முதலில் சரிசெய்துகொண்டால் ரோமின் வாரிசுகள் யார் என்ற கேள்வி பாதி எளிதாகிவிடும்.

476இல் நடந்தது இதுதான். ஓடோவேக்கர் என்ற ஜெர்மானியப் படைத்தலைவர், இத்தாலியில் அரியணையில் இருந்த ரோமுலஸ் அகஸ்டுலஸ் என்ற பையனை இறக்கிவிட்டார். கொல்லக்கூட இல்லை, செலவுக்குப் பணம் கொடுத்து ஒதுக்கிவிட்டார். அப்புறம் முடி, அங்கி முதலான அரச சின்னங்களை மூட்டைகட்டி கான்ஸ்டாண்டிநோபிளில் இருந்த பேரரசர் ஸீனோவுக்கு அனுப்பிவைத்தார். மேற்கே தனியாக ஒரு பேரரசர் இனித் தேவையில்லை, நீங்கள் ஒருவரே போதும் என்பது சேதி. பேரரசுக்குள் இருந்த இரண்டு அரியணைகளில் ஒன்று காலியானது, அவ்வளவுதான். மற்றது இன்னும் ஆயிரம் ஆண்டு இருக்கப்போகிறது.

அந்த இரண்டாவது வீட்டைக் கட்டியவர் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன். கறுங்கடலுக்குப் போகும் ஜலசந்தியின் வாயில் பைசாந்தியம் என்ற பழைய கிரேக்க ஊர் ஒன்று இருந்தது. அதைப் பெரிதாக்கி, 330இல் புதுத் தலைநகராகத் திறந்துவைத்தார். அதுதான் கான்ஸ்டாண்டிநோபிள், இன்றைய இஸ்தான்புல். எகிப்தின் கோதுமை, சிரியாவின் வணிகம், சின்ன ஆசியாவின் (இன்றைய துருக்கிப் பகுதி) வரிப்பணம் எல்லாம் அந்தப் பக்கம்தான் இருந்தன. மேற்கு கையை விட்டுப் போனபோது கிழக்கு தாக்குப்பிடித்ததற்கு அது ஒரு பெரிய காரணம்.

இங்கே ஒரு சந்தேகம் வரும். கிழக்கில் எல்லோரும் கிரேக்கம் பேசினார்களே, அவர்கள் எப்படி ரோமர்? பதில் நம் சங்கப் பாடல்களிலேயே இருக்கிறது. மிளகுக்குப் பொன்னோடு வந்தவர்களை நம் புலவர்கள் 'யவனர்' என்றார்கள். அது அயோனியா என்ற கிரேக்கப் பகுதியின் பெயரிலிருந்து வந்த சொல். ரோமப் பேரரசின் குடிகள்தான், ஆனால் அவர்களில் பலர் எகிப்து வழியாக வந்த கிரேக்கம் பேசுபவர்கள். சேரர் துறைமுகமான முசிறிக்கு வந்துபோன சரக்குக் கப்பல் ஒன்றைப் பற்றிய 2ஆம் நூற்றாண்டு ஒப்பந்த ஓலை ஒன்று வியன்னாவில் இருக்கிறது. பாப்பிரஸில் எழுதியது, மொழி கிரேக்கம். ரோமின் உச்ச காலத்திலேயே பேரரசின் கிழக்குப் பாதி கிரேக்கத்தில்தான் கணக்கு எழுதியது. ரோமர் என்பது மொழியின் பெயரல்ல, குடியுரிமையின் பெயர். 212இல் பேரரசர் கரகல்லா சுதந்திரக் குடிகள் ஏறக்குறைய எல்லோருக்கும் அந்தக் குடியுரிமையைக் கொடுத்துவிட்டார்.

சரி, அப்படியானால் 'பைசாந்தியப் பேரரசு' என்று புத்தகங்களில் வருவது என்ன? அது பின்னால் ஒட்டிய பெயர்ச்சீட்டு. ஹியரோனிமஸ் வோல்ஃப் என்ற ஜெர்மானிய அறிஞர் 1557இல் வெளியிட்ட நூல்தொகுப்பிலிருந்து அது புழக்கத்துக்கு வந்தது. அந்த நாடு அழிந்ததோ 1453இல். அதாவது, ஆள் செத்து 104 வருடம் கழித்து வைத்த பெயர். உயிரோடு இருந்தவரை அவர்கள் தங்களை 'ரோமாயோய்', அதாவது ரோமர்கள் என்றும், நாட்டை 'ரோமானியா' என்றும்தான் சொல்லிக்கொண்டார்கள். பைசாந்தியத்தை ரோமின் 'வாரிசு' என்று எழுதுவதே எனக்குச் சரியாகப் படவில்லை. வாரிசு என்றால் சொத்துக்காரர் போய்ச்சேர்ந்திருக்க வேண்டும். இங்கே அவர் பழைய வீட்டைப் பூட்டிவிட்டு, புது வீட்டில் குடியிருந்தார்.

அந்தப் புது வீட்டில் செய்த வேலைகளில் உலகத்துக்கு மிச்சமானது எது என்று கேட்டால், பலரும் ஹாகியா சோஃபியா தேவாலயத்தைச் சொல்வார்கள். 532இல் தொடங்கி 537இல் முடித்த அந்தக் குவிமாடம் அழகுதான். ஆனால் என் ஓட்டு அதே பேரரசர் ஜஸ்டினியன் தொகுக்கவைத்த சட்டத்துக்கு. ரோமச் சட்டம் என்பது பல நூற்றாண்டு வழக்கறிஞர்களின் கருத்துக் குவியல். எதை ஏற்பது, எதைத் தள்ளுவது என்று நீதிபதிகளுக்கே தலைசுற்றும். ட்ரிபோனியன் என்ற சட்ட நிபுணர் தலைமையில் ஒரு குழு உட்கார்ந்து, ஏறக்குறைய 2000 சுருள்களைப் படித்து, 30 லட்சம் வரிகளை 1.5 லட்சமாகச் சுருக்கியது. இது ஜஸ்டினியனே பெருமையாகச் சொன்ன கணக்கு. மூன்று ஆண்டில் வேலை முடிந்து 533இல் 'டைஜஸ்ட்' என்ற தொகுப்பு வெளியானது.

உள்ளே என்ன இருக்கிறது என்று ஓர் உதாரணம் பார்க்கலாம். ஒரு நாவிதர் தெருவோரம் நாற்காலி போட்டு ஓர் அடிமைக்குச் சவரம் செய்கிறார். பக்கத்தில் சிலர் பந்து விளையாடுகிறார்கள். ஒருவர் வேகமாக அடித்த பந்து நாவிதரின் கையில் படுகிறது, கத்தி கழுத்தை அறுத்துவிடுகிறது. யார் பொறுப்பு? பந்தை அடித்தவரா, நாவிதரா? வழக்கமாக விளையாட்டு நடக்கும் இடத்தில் கடை போட்டது நாவிதரின் தவறு என்று ஒரு கருத்து. அப்படி ஆபத்தான இடத்தில் நாற்காலி போட்டவரிடம் போய்க் கழுத்தை நீட்டியவர் தன்னைத்தான் நொந்துகொள்ள வேண்டும் என்று இன்னொரு கருத்து. அடிமையின் உயிரை எஜமானரின் பொருள்நஷ்டமாகக் கணக்குப்போட்ட காலம் அது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் கவனக்குறைவு என்றால் என்ன, பாதிக்கப்பட்டவரின் பங்கு எவ்வளவு என்று இன்றைய விபத்து வழக்கில் கேட்கும் கேள்விகள் அப்படியே அங்கே இருக்கின்றன.

இந்த டைஜஸ்ட் மேற்கு ஐரோப்பாவில் சில நூற்றாண்டுகள் ஏறக்குறைய மறந்தே போனது. 6ஆம் நூற்றாண்டில் எழுதிய ஒரு பிரதி இத்தாலியின் பீசா நகரில் பிழைத்துக் கிடந்தது. பிற்பாடு ஃபுளோரன்ஸ்காரர்கள் பீசாவைப் பிடித்தபோது அதையும் கொண்டுபோனார்கள், இன்றும் ஃபுளோரன்ஸில்தான் இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டின் இறுதி வாக்கில் டைஜஸ்ட் மறுபடி கைக்குக் கிடைக்க, போலோன்யாவில் இர்னேரியஸ் என்ற ஆசிரியர் அதை வரிவரியாகப் பாடம் நடத்தினார். ஐரோப்பா முழுவதிலுமிருந்து மாணவர்கள் வந்து குவிந்தார்கள். ஊருக்குத் திரும்பும்போது ரோமச் சட்டத்தையும் தலையில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

போனவர்களில் டச்சுக்காரர்களும் உண்டு. அவர்கள் அதைத் தங்கள் ஊர் வழக்கத்தோடு கலந்து 'ரோமன்-டச்சுச் சட்டம்' ஆக்கினார்கள். 17ஆம் நூற்றாண்டில் இலங்கைக் கரையோரத்தைப் பிடித்தபோது அதுவும் கப்பலேறி வந்தது. 1796இல் வந்த ஆங்கிலேயர் அதை எடுக்காமல் அப்படியே விட்டுவைத்தார்கள். 1809இல் நெதர்லாந்தே அந்தச் சட்டத்தைக் கைவிட்டு பிரெஞ்சுச் சட்டத்துக்குப் போய்விட்டது. இலங்கையில் இன்னும் இருக்கிறது. யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமை ஒரு விஷயத்தில் வாய் திறக்கவில்லை என்றால், அந்த இடத்தை நிரப்புவது ரோமன்-டச்சுச் சட்டம். கவனக்குறைவால் நஷ்டம் நேர்ந்தால் அங்கே போடும் வழக்கின் பெயர் 'அக்குவிலியன்' வழக்கு. அக்குவிலியா என்பது கி.மு. 3ஆம் நூற்றாண்டு ரோமச் சட்டம் ஒன்றின் பெயர். மேலே பார்த்த நாவிதர் விவகாரமும் அந்தச் சட்டத்தின் கீழ்தான் வருகிறது.

இப்போது மேற்குப் பக்கம் போவோம். அரியணை காலியான பிறகு அங்கே ஃபிராங்குகள், கோத்துகள் என்று ஆளுக்கொரு பக்கம் ஆண்டார்கள். 800ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று ரோமில் போப் மூன்றாம் லியோ, ஃபிராங்கு மன்னர் சார்லமேனின் தலையில் முடியை வைத்து 'ரோமரின் பேரரசர்' என்று அறிவித்துவிட்டார். ஏற்கெனவே ஒரு ரோமப் பேரரசு கான்ஸ்டாண்டிநோபிளில் இருக்கிறதே? அங்கே அப்போது ஆண்டவர் ஐரீன் என்ற பெண். பெண் உட்கார்ந்த அரியணை காலி அரியணைதான் என்று மேற்கே வாதம் வைத்தார்கள். வசதியான வாதம்.

பட்டத்தைவிட சார்லமேனின் எழுத்தர்கள் செய்த வேலைதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. அவருடைய மடங்களில் பழைய லத்தீன் நூல்களைத் தேடித்தேடிப் படியெடுத்தார்கள். இன்று நம் கைக்கு வந்திருக்கும் பண்டைய லத்தீன் நூல்களில் பலவற்றுக்கு ஆகப் பழைய பிரதி அந்தக் காலத்ததுதான். அதற்கு முந்திய தாள்கள் மக்கிப் போய்விட்டன. ஏட்டுச்சுவடி கண்ட நமக்கு இது தெரிந்த கதை. அவர்கள் பயன்படுத்திய எழுத்து தெளிவானது, உருண்டையானது. 15ஆம் நூற்றாண்டில் இத்தாலிய அறிஞர்கள் அந்தப் பிரதிகளைப் பார்த்து, இதுதான் பண்டை ரோமரின் கையெழுத்து என்று நம்பி அதேபோல் எழுதினார்கள். அச்சு வந்தபோது அச்செழுத்தும் அந்த வடிவத்திலேயே வார்க்கப்பட்டது. கணினியில் 'டைம்ஸ் நியூ ரோமன்' என்று ஓர் எழுத்துரு இருக்கிறதே, அதன் சிறிய எழுத்துகள் உண்மையில் ரோமருடையவை அல்ல, சார்லமேன் காலத்து மடத்து எழுத்தர்களுடையவை. தப்பாகப் புரிந்துகொண்டதால் நல்லது நடந்த கேஸ் இது.

இரண்டு ரோமப் பேரரசர்கள் இருந்தால் சண்டை வராமல் இருக்குமா? 968இல் மேற்கின் பேரரசர் ஓட்டோ, தன் மகனுக்குப் பெண் கேட்டு லியுட்பிராண்ட் என்ற பிஷப்பை கான்ஸ்டாண்டிநோபிளுக்கு அனுப்பினார். அவர் அங்கே இருக்கும்போதே போப்பிடமிருந்து ஒரு சிபாரிசுக் கடிதம் வந்துசேர்ந்தது. அதில் ஓட்டோவை 'ரோமரின் பேரரசர்' என்றும், கிழக்கின் பேரரசர் நிகெஃபோரோஸை 'கிரேக்கரின் பேரரசர்' என்றும் போட்டிருந்தது. கடிதம் கொண்டுவந்தவர்களைப் பிடித்துச் சிறையில் தள்ளிவிட்டார்கள். நம் ஊர்க் கல்யாணப் பத்திரிகையில் பெரியப்பா பெயரை விட்டுவிட்டால் வரும் சண்டையைப் பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள். பாவம் லியுட்பிராண்ட், குடிக்கக் கொடுத்த மதுவில் கீலும் பிசினும் நாறியது என்று பக்கம் பக்கமாகப் புலம்பியிருக்கிறார். ஊருக்குக் கொண்டுபோக வாங்கிய ஊதாப் பட்டையும் அதிகாரிகள் பறித்துக்கொண்டார்கள். உலகின் மற்றவர்களுக்கு அந்த ஊதா தகாது என்பது அவர்கள் சொன்ன காரணம். மேற்கின் இந்தப் பட்டம் ஜெர்மானிய மன்னர்களிடம் கைமாறிக் கைமாறி 1806 வரை ஓடியது.

மேற்கில் ரோமின் நிர்வாகம் உண்மையில் ஒளிந்துகொண்ட இடம் அரண்மனை அல்ல, திருச்சபை. பசிலிக்கா என்பது ரோமரிடம் கோயிலே கிடையாது. வழக்கு விசாரிக்கவும் வியாபாரம் பேசவும் கட்டிய நீண்ட மண்டபம். கூட்டம் கூட வசதியாக இருந்ததால் கிறிஸ்தவர்கள் அந்த வடிவத்தை எடுத்துக்கொண்டார்கள். 1962இல் வேளாங்கண்ணிக் கோயிலுக்குக் கிடைத்த பசிலிக்கா என்ற பட்டம் அப்படி ஒரு நீதிமன்ற மண்டபத்தின் பெயர்தான். பிஷப்பின் எல்லையைத் தமிழில் 'மறைமாவட்டம்' என்கிறோம். ஆங்கிலத்தில் டயசீஸ். அதுவும் பேரரசர் டயோக்ளீஷியன் காலத்து வருவாய் நிர்வாகப் பிரிவின் பெயர். தமிழில் 'மாவட்டம்' என்று வைத்தவர் இதை அறிந்து வைத்தாரோ இல்லையோ, சரியாக அமைந்துவிட்டது.

மொழியைப் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை. இத்தாலியன், ஸ்பானிஷ், போர்த்துகீஸ், பிரெஞ்சு, ருமேனியன் எல்லாம் லத்தீனின் பிள்ளைகள். ஆனால் உங்கள் வீட்டுக்குள் கொஞ்சம் சுற்றிப் பாருங்கள். மேசை, லத்தீனில் 'மென்ஸா'. சாவி, லத்தீனில் 'கிளாவிஸ்'. அலமாரி, ஆயுதமும் கருவியும் வைக்கும் 'ஆர்மாரியம்'. ஜன்னல், கதவைக் குறிக்கும் 'யானுவா'விலிருந்து பிறந்த குட்டிக்கதவு. நான்கும் போர்த்துகீசியர் வழியாகத் தமிழுக்கு வந்தவை.

இனி பலரும் கணக்கிலேயே சேர்க்காத பங்காளிகள். குர்ஆனின் 30ஆவது அத்தியாயத்தின் பெயர் 'அர்ரூம்', ரோமர்கள். பாரசீகரிடம் தோற்ற கான்ஸ்டாண்டிநோபிள் அரசைத்தான் அது குறிக்கிறது. அரபிகளுக்கு அவர்கள் என்றைக்கும் ரூம்தான், வேறு பெயர் தெரியாது. பின்னால் செல்ஜூக் துருக்கியர் சின்ன ஆசியாவைப் பிடித்தபோது, தங்கள் அரசை ரூம் சுல்தானகம் என்றே அழைத்தார்கள். அதன் தலைநகர் கோன்யாவில் வாழ்ந்ததால் ஜலாலுத்தீன் என்ற கவிஞர் 'ரூமி' ஆனார். ரூமி என்றால் ரோம நாட்டவர். சூஃபிக் கவிதை ரசிக்கும் நண்பர்களிடம் இதைச் சொன்னால் ஒரு நிமிடம் முழிப்பார்கள்.

பெயர் மட்டுமல்ல, குளியலும் அந்தப் பக்கம் போனது. ரோமரின் பொதுக் குளியலறையில் தரை சின்னச்சின்னத் தூண்களின்மேல் நிற்கும். அடியில் அடுப்பின் அனல் ஓடும். குளிர்ந்த அறை, வெதுவெதுப்பான அறை, கொதிக்கும் அறை என்று வரிசையாகப் போக வேண்டும். வியர்த்து, தேய்த்து, ஊர்க்கதை பேசி, பாதி நாள் அங்கேயே கழியும். மேற்கு ஐரோப்பாவில் நீர்க்கால்வாய்கள் பாழாகி இந்தப் பழக்கம் தேய்ந்தது. சிரியா, எகிப்துப் பக்கம் விடவில்லை. ஜோர்டான் பாலைவனத்தில் குஸைர் அம்ரா என்ற 8ஆம் நூற்றாண்டு உமையாத் குளியல் மாளிகை சுவரோவியத்தோடு இன்றும் நிற்கிறது. அதிலும் அதே மாதிரி அடுத்தடுத்த அறைகள், தரைக்கடியில் சூடு. சுற்றுலாப் பயணிகள் 'துருக்கிக் குளியல்' என்று காசு கொடுத்துக் குளிப்பது ரோமக் குளியலில்தான்.

1453 மே 29 அன்று 21 வயது உஸ்மானிய சுல்தான் மெஹ்மத் கான்ஸ்டாண்டிநோபிளைப் பிடித்தார். பிடித்ததும் எடுத்துக்கொண்ட பட்டங்களில் ஒன்று 'கைஸரே ரூம்', ரோமின் சீஸர். நகரும் அரியணையும் என்னிடம் இருக்கும்போது வேறு யார் ரோமர் என்பது அவர் கட்சி. சட்டப்படி பார்த்தால் பதில் சொல்வது கஷ்டம்.

மாஸ்கோவும் பங்கு கேட்டது. கான்ஸ்டாண்டிநோபிளின் கடைசிப் பேரரசருடைய தம்பி மகளான ஸோஃபியாவை 1472இல் மாஸ்கோவின் மூன்றாம் இவான் மணந்தார். இரண்டு ரோமும் விழுந்துவிட்டன, மூன்றாவது மாஸ்கோ என்று அடுத்த நூற்றாண்டில் ஒரு துறவி கடிதம் எழுதினார். 1547இல் நான்காம் இவான் 'ஸார்' என்று முடிசூடினார். ஸாரும் ஜெர்மானிய கைஸரும் சீஸர் என்ற ஒரே பெயரின் திரிபுகள். ஆனால் சட்டத்திலோ அன்றாட வாழ்விலோ ரோமின் பழக்கம் மாஸ்கோவில் எவ்வளவு இருந்தது என்று கேட்டால், மதத்தையும் சடங்கையும் தாண்டி அதிகம் காட்ட முடியாது. பட்டம் கேட்டவர்களைவிட, டைஜஸ்டைத் தூக்கித் திரிந்த போலோன்யா மாணவர்களிடம்தான் சரக்கு இருந்தது.

கடைசியாக ஒரு தீவு. ஏஜியன் கடலில் லெம்னோஸ். 1912இல் கிரேக்கக் கடற்படை அதை உஸ்மானியரிடமிருந்து பிடித்தது. வீரர்கள் கரையிறங்கியதும் ஊர்ப் பிள்ளைகள் வேடிக்கை பார்க்க ஓடிவந்தார்கள். என்ன பார்க்கிறீர்கள் என்று ஒரு வீரர் கேட்டார். ஹெல்லேனியரை, அதாவது கிரேக்கரைப் பார்க்கிறோம் என்றார்கள். நீங்களும் ஹெல்லேனியர்தானே என்று அவர் கேட்க, "இல்லை, நாங்கள் ரோமர்கள்" என்றார்கள். அந்தத் தீவில் பிறந்து பிற்பாடு வரலாற்றாசிரியரான பீட்டர் கரானிஸ் சொன்ன சிறுவயது நினைவு இது. அந்தப் பிள்ளைகள் பேசியது கிரேக்கம். ரோம் நகரத்தை அவர்கள் யாரும் பார்த்திருக்க வாய்ப்பில்லை. இஸ்தான்புல்லில் மிஞ்சியிருக்கும் சில ஆயிரம் கிரேக்கக் கிறிஸ்தவர்களைத் துருக்கியில் இன்றும் 'ரூம்' என்றுதான் அழைக்கிறார்கள். அவர்களுடைய திருச்சபைத் தலைவரின் முழுப் பட்டத்தில் 'புதிய ரோம்' என்ற சொல் இருக்கிறது.